பிரான்சில் "நான்கு தலைமுறை வாத்துப் பண்ணை" என்று பலகை வைத்திருக்கிறார்களே, அது உண்மையா?

கேட்டவரின் கேள்வி சுருக்கமாக இதுதான்: மகளைப் பார்க்க இந்தக் குளிர்காலத்தில் தென்மேற்குப் பிரான்சிலுள்ள தூலூஸ் நகருக்குப் போகிறார். அந்த வட்டாரத்தில் சாலையோரப் பலகைகளிலும் ஜாடி லேபிள்களிலும் "நான்கு தலைமுறையாக வாத்து வளர்க்கும் குடும்பம்" என்று எழுதியிருப்பதை மகள் சொல்லிக் கேட்டிருக்கிறார். அது நிஜமா, விற்பனைக்காகச் சொல்வதா? நிஜம் என்றால், பறவைக் காய்ச்சலையும் ஃபுவா கிரா (தீனியைத் திணித்துக் கொழுக்க வைத்த வாத்து ஈரல்) மீதான எதிர்ப்பையும் தாண்டி ஒரே குடும்பம் ஒரே தொழிலில் எப்படி நிற்கிறது? இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் அவர் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றைத்தான் என்று எனக்குப் படுகிறது: அந்த வீடுகளில் பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்குக் கை மாறுவது எது?

நான் தூலூஸ் கால்நடை மருத்துவப் பள்ளியில் கோழி, வாத்து நோய்கள் படித்துவிட்டு, அதன் மேற்கே ஜேர்ஸ், லாந்து மாவட்டங்களில் பண்ணை மருத்துவராகப் பல வருடம் வேலை பார்த்தவன். பறவை, நோய், கொட்டகை பற்றிச் சொல்வதைத் தைரியமாகச் சொல்வேன். சொத்து, வாரிசு விஷயத்தில் சட்டத்தின் பொது அமைப்பு தெரியும். மிச்சம் பண்ணை வீட்டுச் சமையலறைகளில் காபி குடித்துக்கொண்டே காதில் விழுந்தது. ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் பத்திரத்தைப் பிரித்துச் சொல்ல நோட்டரிதான் வேண்டும். வடக்கே பெரிகோர் பக்கம் எனக்கு அவ்வளவு பழக்கமும் இல்லை.

நேரடியாகப் பதில் சொல்வதென்றால், நான்கு தலைமுறையாக அதே நிலம், அதே வீடு என்பதைப் பெரும்பாலும் நம்பலாம். நான்கு தலைமுறையாக வாத்துப் பண்ணை என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பொய் சொல்கிறார்கள் என்று இல்லை. கொள்ளுப்பாட்டி செய்த வேலைக்கும் கொள்ளுப்பேரன் செய்யும் வேலைக்கும் பறவை வேறு, தீனி கொடுக்கும் கருவி வேறு, வாங்குகிறவர் வேறு. ஒரே பலகையின் கீழ் நான்கு வெவ்வேறு தொழில்கள் நடந்திருக்கின்றன என்பதுதான் நான் பார்த்த வரை உண்மைக்குப் பக்கமான விவரம்.

முதல் தலைமுறையை எடுத்துக்கொள்வோம். 1920, 30களில் ஜேர்ஸ் மாவட்டத்துப் பண்ணை என்பது கொஞ்சம் கோதுமை, கொஞ்சம் மக்காச்சோளம், இரண்டு மூன்று மாடு, வீட்டு ஒயினுக்கும் அர்மாஞ்யாக் என்ற பிராந்தி காய்ச்சவும் கொஞ்சம் திராட்சை என்று எல்லாம் கலந்த சிறு விவசாயம். நிலம் பல வீடுகளுக்குச் சொந்தமில்லை. விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுதவர்கள் நிறைய. முதல் உலகப் போரில் ஆண்கள் மடிந்து கிராமங்கள் காலியானபோது, அந்த இடங்களை நிரப்ப இத்தாலியிலிருந்து ஏராளமான குடும்பங்கள் அங்கே வந்து குடியேறின. இன்று "மண்ணின் மைந்தர்" தோரணையில் ஈரல் விற்கும் பண்ணைகளில் இத்தாலியக் குடும்பப் பெயரைப் பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள். அவர்களும் நான்கு தலைமுறைக்காரர்கள்தான்.

அந்த வீடுகளில் பறவை வளர்ப்பு பெண்களின் வேலை. வளர்த்ததும் பெரும்பாலும் வாத்து கிடையாது, கூஸ் எனப்படும் பெரிய வாத்து. வசந்தத்தில் குஞ்சு பொரிக்கும்; கோடை முழுக்கப் புல்லும், அறுவடை முடிந்த வயலில் சிந்திய தானியமும். நவம்பர் வந்ததும் பாட்டி ஒரு முக்காலியில் உட்கார்ந்து, பறவையைத் தொடைகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, தகரப் புனலை வாயில் வைத்து மக்காச்சோளத்தை உள்ளே இறக்குவாள். ஒரு நாளைக்கு மூன்று வேளை, மூன்று வாரம் போல. ஒரு வீட்டில் இருபது முப்பது பறவைக்கு மேல் இருக்காது. ஈரல் கிறிஸ்துமஸுக்கு முன் சந்தைக்குப் போகும். இறைச்சியைத் துண்டு போட்டு, உப்பில் ஊறவைத்து, அதன் கொழுப்பிலேயே மெதுவாக வேகவைத்து, மண் ஜாடியில் அதே கொழுப்பை மேலே ஊற்றி மூடி வைத்தால் அடுத்த கோடை வரை வீட்டுக்குச் சாப்பாடு. அதுதான் கோன்ஃபி. இறகு தலையணைக்கு. விற்ற காசு பல வீடுகளில் பாட்டி கைக்காசு. பண்ணையின் வருமானக் கணக்கில் அது வராது. இதைத்தான் பலகையில் முதல் தலைமுறை என்று எழுதியிருக்கிறார்கள்.

இரண்டாவது தலைமுறையில்தான் வாத்து உள்ளே வருகிறது. காரணங்கள் பல, ஒன்றை மட்டும் பெரிதாக்கக் கூடாது. ஓஷ் நகரில் ஓட்டல் நடத்திய ஆந்த்ரே தாகேன் என்ற சமையல்காரர் 1950களின் கடைசியில், ஈரலுக்காகக் கொழுக்க வைத்த வாத்தின் நெஞ்சுக்கறியைக் கோன்ஃபி போடாமல், மாட்டு ஸ்டேக் மாதிரி வெளியே முறுகலாகவும் உள்ளே சிவப்பாகவும் வாட்டிப் பரிமாறினார். மக்ரே என்ற அந்தக் கறி அடுத்த இருபது வருடத்தில் பிரான்ஸ் முழுக்கப் பரவியது. அதுவரை ஈரலுக்குத்தான் விலை. இப்போது நெஞ்சுக்கும் விலை வந்தது. கூஸுக்கு அந்த லாபம் இல்லை. மேலும் வாத்துக்கு இரண்டு வேளை தீனி போதும், பத்துப் பன்னிரண்டு நாளில் முடிந்துவிடும், வருடம் முழுக்க வளர்க்கலாம். மின்மோட்டார் வைத்த புனலும் வந்துவிட்டது. இத்தனையும் சேர்ந்து கூஸை ஓரங்கட்டின. இன்று பிரான்சில் கிடைக்கும் ஃபுவா கிராவில் கூஸின் பங்கு மிக மிகச் சிறியது. காசு பெரிதானதும் வேலை பாட்டியின் கையிலிருந்து தாத்தாவின் கைக்குப் போனது என்பதையும் சொல்லியாக வேண்டும். பாட்டி வேலையை விடவில்லை, கணக்குப் புத்தகம்தான் இடம் மாறியது.

இந்தப் பறவையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் "குடும்பப் பண்ணை" என்ற கதையில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். ஃபுவா கிராவுக்கு வளர்ப்பது முலார் என்ற கலப்பு வாத்து. அப்பன் பார்பரி ஆண், அம்மா பீக்கின் வகைப் பெட்டை. இரண்டும் வேறு வேறு இனம் என்பதால் தானாக இணைவது அரிது. 1970களில் செயற்கைக் கருவூட்டல் தேர்ந்த பிறகுதான் முலார் லட்சக்கணக்கில் கிடைக்க ஆரம்பித்தது. பிறக்கும் குஞ்சு மலடு. கோவேறு கழுதை போலத்தான், பெற்றோரைவிட வலு, ஆனால் வம்சம் கிடையாது. இதன் பொருள் என்ன? நான்கு தலைமுறைக் குடும்பத்தின் கொட்டகையில் நிற்கும் வாத்து ஒன்றுகூட அந்தப் பண்ணையில் பிறந்தது இல்லை. ஒவ்வொரு தொகுதியும் ஒரு நாள் குஞ்சாகப் பெட்டியில் லாரி ஏறி வருகிறது. தாத்தா காப்பாற்றி வைத்த நாட்டு ரகம், விதை என்று எதுவும் இங்கே கிடையாது. 2022 வசந்தத்தில் இது எல்லோருக்கும் உறைத்தது. தாய்ப்பறவைகளை வைத்திருக்கும் பண்ணைகள் பெரும்பாலும் மேற்கே லுவார் ஆற்றுப் பகுதியிலும் வாந்தே பக்கமும் இருக்கின்றன. அங்கே பறவைக் காய்ச்சல் புகுந்து தாய்ப்பறவைகள் போனதும், நோயே வராத தென்மேற்குப் பண்ணைகளிலும் கொட்டகை காலியாகக் கிடந்தது. குஞ்சு இல்லை.

மூன்றாவது தலைமுறை, அதாவது 1980களுக்குப் பிறகு தொழிலுக்கு வந்தவர்கள், ஒரு பிரிவுச் சாலையில் வந்து நின்றார்கள். ஒரு வழி கூட்டுறவுச் சங்கிலி: ஒருவர் குஞ்சை வாங்கிப் பன்னிரண்டு வாரம் வளர்த்துக் கொடுப்பார், இன்னொருவர் கடைசிப் பன்னிரண்டு நாள் தீனி மட்டும் புகட்டுவார், வெட்டுவது வேறிடம், ஜாடியில் அடைப்பது வேறிடம். வேலையும் வருமானமும் ஒப்பந்தப்படி. இன்னொரு வழி, எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துக்கொள்வது: வளர்ப்பது, புகட்டுவது, அறுப்பது, சமைப்பது, ஜாடி போடுவது, சந்தையில் நின்று விற்பது. அதற்கு அனுமதி பெற்ற அறுவைக்கூடம், ஜாடிகளை அழுத்தத்தில் வேகவைக்கும் பாத்திரம், குளிர் அறை எல்லாம் வேண்டும். முதலீடு பெரிது. சாலையோரத்தில் நீங்கள் பார்க்கும் பலகை அநேகமாக இரண்டாம் வகையினருடையது. முதல் வகையிலும் மூன்று நான்கு தலைமுறைக் குடும்பங்கள் உண்டு. விற்க எதுவும் இல்லாததால் அவர்கள் பலகை வைப்பதில்லை.

புகட்டும் அறை எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு: பெரிய கூடங்களில் காற்றழுத்தப் பம்பு, அரைத்த மக்காச்சோளக் கூழ், ஒரு பறவைக்கு இரண்டு மூன்று விநாடி. ஒரே ஆள் ஒரு வேளையில் பல நூறு வாத்துகளை முடித்துவிடுவார். வீட்டுப் பண்ணைகளில் இன்னும் முழுத் தானியம், மோட்டார் புனல், ஒரு பறவைக்கு அரை நிமிடமாவது ஆகும். இந்த வேலையில் நல்ல கை எது, மோசமான கை எது என்பது புனலை வைப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். நல்ல கைக்காரர் முதலில் கழுத்தின் அடிப்பகுதியை இரண்டு விரலால் தடவிப் பார்ப்பார். முந்தைய வேளைத் தானியம் இன்னும் உருண்டையாகத் தட்டுப்பட்டால் அந்தப் பறவைக்கு அந்த வேளை கிடையாது, அல்லது பாதிதான். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா இதைச் செய்துகொண்டே என்னோடு பேசுவார். பேச்சு நிற்காது, விரல் மட்டும் ஒவ்வொரு கழுத்திலும் ஒரு கணம் நிற்கும். அவருடைய மாமியார் கூஸுக்கு இதைச் செய்ததைப் பார்த்துப் பழகியதாம். வழிவழியாக வருவது என்று நான் அடித்துச் சொல்லக்கூடிய சில விஷயங்களில் இந்த விரல் ஒன்று. இன்னொன்று வெட்டும் மேஜையில் நடப்பது. ஈரலைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தி, பள்ளம் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பார்த்து, இது முழுதாக விற்கத் தக்கது, இது சமைத்தால் கொழுப்பாக உருகிவிடும் என்று தரம் பிரிப்பார்கள். இதற்குக் கருவி வைத்து நான் பார்த்ததில்லை.

சரி, நோய்க்கு வருவோம். 2015 நவம்பரில் பறவைக் காய்ச்சல் தோர்தோஞ் மாவட்டத்தில் தொடங்கியது. 2016-ல் தென்மேற்கின் பெரும்பகுதியில் வாத்துக் கொட்டகைகளைக் காலி செய்து, கழுவி, சில வாரம் சும்மா போடச் சொல்லி அரசு உத்தரவிட்டது. அதே ஆண்டுக் குளிர்காலத்தில் எச்5என்8 என்ற வைரஸ் வகை வந்தது. 2020-21-ல் மறுபடி, லாந்து மாவட்டம் பலமாக அடி வாங்கியது. 2021-22 மிக மோசம்: நாடு முழுவதும் 1,300-க்கு மேற்பட்ட பண்ணைகளில் நோய், 2 கோடிக்கும் அதிகமான பறவைகள் அழிக்கப்பட்டன. அதில் கணிசமான பங்கு நோய் கண்ட பறவை இல்லை. பக்கத்துப் பண்ணையில் நோய் கண்டதால் முன்னெச்சரிக்கையாகக் கொன்றவை. அப்படி அழிக்கும் உத்தரவுகளில் கையெழுத்துப் போடுகிற பக்கத்தில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல ஆரோக்கியமான தொகுதியைக் காலி செய்யும்போது பண்ணைக்காரரிடம் மருத்துவக் காரணம் விளக்குவது சுலபமே இல்லை. 2021 முதல், ஆபத்துக் காலத்தில் பறவைகளைக் கொட்டகைக்குள் அடைப்பதும் கட்டாயம் ஆனது. புல்வெளியில் மேயும் வாத்து என்பதையே விற்பனைப் படமாக வைத்திருந்த குடும்பங்களுக்கு அது இரட்டை அடி.

இழப்பீடு வந்தது, பறவைக்கும் ஓரளவு வருமானத்துக்கும். ஆனால் உடனே வரவில்லை. அந்த இடைவெளியை யார் தாண்டினார்கள் என்று கவனித்தால் ஒன்று தெரிந்தது. ஜாடி போடும் பண்ணைகளிடம் அலமாரியில் சரக்கு இருந்தது. கொட்டகை காலி, ஆனால் கடை திறந்திருந்தது. கோன்ஃபி, பாத்தே என்ற இறைச்சி விழுது, கொழுப்பு விற்று ஆறு மாதம் ஓட்டினார்கள். கோடை வரை தாக்குப்பிடிக்கத்தான் கோன்ஃபியைக் கண்டுபிடித்தார்கள். நூறு வருடம் கழித்தும் அது அதே வேலையைச் செய்தது. ஒப்பந்தக்காரர்களுக்கு இழக்க வாடிக்கையாளர் இல்லை, ஆனால் விற்கவும் எதுவும் இல்லை. இரண்டு பக்கத்திலும் தொழிலை விட்டவர்கள் உண்டு. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டி, பின்னால் வர ஆள் இல்லாதவர்கள் இன்னொரு முறை கழுவித் தொடங்க மனமில்லாமல் நிறுத்திவிட்டார்கள்.

2023 அக்டோபர் 1 முதல், 250 வாத்துக்கு மேல் வளர்க்கும் எல்லோரும் தடுப்பூசி போட வேண்டும் என்று பிரான்ஸ் சட்டம் போட்டது. பத்தாம் நாள் ஒன்று, இருபத்தெட்டாம் நாள் ஒன்று, கழுத்தடியில் தோலுக்குக் கீழே. ஒவ்வொரு குஞ்சையும் இரண்டு முறை பிடிக்க வேண்டும் என்று அர்த்தம். முதல் வருடச் செலவில் 85 சதவீதத்தை அரசு ஏற்றது, இரண்டாம் வருடம் 70. தடுப்பூசி போட்ட பறவைகளில் வைரஸ் சத்தமில்லாமல் ஒளிந்திருக்கலாம் என்று சில நாடுகள் பிரான்சுப் பறவை இறைச்சிக்குக் கதவைச் சாத்தின. அதனால் தடுப்பூசியோடு மாதாமாதம் பரிசோதனையும் சேர்ந்து வருகிறது. 2023-24 குளிர்காலத்தில் நோய் கண்ட பண்ணைகள் பத்துதான். இதில் எவ்வளவு தடுப்பூசியின் புண்ணியம் என்பதில் கொஞ்சம் வாதம் உண்டு, ஏனென்றால் அந்த வருடம் ஐரோப்பா முழுக்கவே வைரஸ் நடமாட்டம் குறைவு. தூலூஸ் பள்ளியில் செய்த கணக்கீடு பெரும்பங்கைத் தடுப்பூசிக்கே தருகிறது. நான் பார்த்த கொட்டகைகளை வைத்து எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் இது முடிந்த கதை இல்லை. வைரஸ் மாறும், மானியம் குறையும்.

நோயைவிடப் பண்ணைகளை அதிகம் மூடியது எது என்று கேட்டால், பாகப்பிரிவினை என்பேன். இது என் அபிப்பிராயம்தான், புள்ளிவிவரம் கிடையாது. பிரான்சில் பிள்ளைகளுக்குச் சொத்தில் சம உரிமை. ஆணுக்கு, மூத்தவனுக்கு என்று தனிச் சலுகை பிரெஞ்சுப் புரட்சியோடு போயிற்று, நெப்போலியன் காலத்துச் சட்டமும் அதை உறுதி செய்தது. ஒரு பண்ணை, மூன்று பிள்ளை, ஒருவர்தான் ஊரில் தங்குகிறார் என்று வையுங்கள். நிலத்தை மூன்றாக வெட்டினால் மூவருக்கும் பிரயோசனமில்லை. அதற்குச் சட்டம் சில வழி வைத்திருக்கிறது. பண்ணையில் வேலை செய்த வாரிசு, பண்ணை முழுதும் தன் பெயருக்கு வர வேண்டும் என்று கேட்கலாம். மற்றவர்களுக்குப் பங்கைக் காசாகக் கொடுக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குப் பிறகு சம்பளமே வாங்காமல் அப்பா அம்மாவுக்கு உழைத்திருந்தால், அந்த உழைப்புக்குரிய கூலியைப் பின்னால் சொத்திலிருந்து முதலில் எடுத்துக்கொள்ளலாம். 1939-ல் வந்த ஏற்பாடு இது, அதிகபட்சம் பத்து வருடக் கூலி. பட்டணத்திலிருக்கும் அண்ணனுக்கு இது நியாயமாகப் படுவதில்லை, ஊரிலிருக்கும் தம்பிக்கு இது போதுமானதாகப் படுவதில்லை. இந்தச் சண்டையைப் பிரெஞ்சுக் குடும்பங்களில் பார்க்கும்போது நம் ஊர்க்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது.

கையில் அவ்வளவு காசு யாரிடமும் இருக்காது. அதனால் பலர் நிலத்தைக் கூட்டாகவே வைத்துக்கொண்டு, விவசாயம் செய்பவருக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள். 1946-க்குப் பிறகு குத்தகைதாரருக்குப் பாதுகாப்பு பலமானது: குறைந்தது ஒன்பது வருடம், குத்தகைத் தொகைக்கு மாவட்ட அளவில் உச்சவரம்பு, பிள்ளைக்குக் கைமாறும் உரிமை. வாரத்துக்கு உழுதவர்கள் நிலைபெற்றதும் அந்தச் சட்டத்தால்தான். யாராவது நிலத்தை வெளியாளுக்கு விற்கப் போனால், 1960-ல் உருவான சாஃபேர் என்ற நில அமைப்பு குறுக்கே வந்து தானே வாங்கி, இளம் விவசாயிக்குக் கொடுக்க முடியும். 1962-ல் வந்த கயெக் என்ற கூட்டுப்பண்ணை வடிவம், அப்பாவும் மகனும் பங்குதாரர்களாகச் சேர்ந்து பண்ணையை மெதுவாகக் கைமாற்ற வழி செய்தது. இதெல்லாம் தெரிந்த பிறகு பலகையைப் பாருங்கள்: அதில் பெயர் இருப்பவருக்கு அந்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் சொந்தமாக இருக்கலாம், மீதிக்கு அக்காவுக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

பெண்கள் விஷயம் இன்னும் தாமதம். கொழுப்பும் ஈரலும் அவர்கள் கையில் பிறந்த தொழில், ஆனால் விவசாயி மனைவி என்பவர் காகிதத்தில் ரொம்ப காலம் தொழில் இல்லாதவர். ஓய்வூதியம் சொற்பம். 1999-ல்தான் "உடனுழைக்கும் துணை" என்ற அந்தஸ்து வந்தது. அதற்குக் கணவரின் சம்மதம் தேவை என்பதை 2006 ஜனவரிச் சட்டம் எடுத்தது. வேடிக்கை என்னவென்றால், ஃபுவா கிரா பிரான்சின் பாதுகாக்கப்பட்ட பண்பாட்டு, சமையல் மரபு என்று அறிவித்ததும் அதே சட்டம்தான். ஈரலுக்கும் அதைச் செய்த கைக்கும் ஒரே நாளில் அங்கீகாரம். கணவனும் மனைவியும் மட்டும் சேர்ந்து கயெக் அமைக்கலாம் என்பது 2010-ல்தான் சாத்தியமானது. இன்று நான்காம் தலைமுறை என்று வருவது பல இடங்களில் மகள். வேறு வேலை பார்த்துவிட்டு முப்பது வயதில் திரும்பி வந்து, கடையையும் இணைய விற்பனையையும் எடுத்துக்கொள்கிறார். கொட்டகையைத் தம்பியோ கணவரோ பார்க்கிறார். எல்லா வீட்டிலும் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2020 விவசாயக் கணக்கெடுப்பில் பிரான்சில் பண்ணைகள் சுமார் 3.9 லட்சம், பத்து வருடம் முன்பு 4.9 லட்சம், பண்ணை நடத்துபவர்களில் 43 சதவீதம் பேர் 55 வயதைத் தொட்டவர்கள். ஐந்தாம் தலைமுறை இல்லாத பலகைகள்தான் அதிகம்.

எதிர்ப்பைப் பற்றிக் கேட்டீர்கள். 1998-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு, இப்போது நடக்கும் முறையில் கட்டாயத் தீனி பறவையின் நலனுக்குக் கேடு என்று எழுதியது. புகட்டும் காலத்தில் சாவு விகிதம், அதே வயதுப் புகட்டாத வாத்துகளைவிடப் பல மடங்கு என்றும் காட்டியது. பிரான்ஸின் அரசு ஆராய்ச்சியாளர்கள் மன அழுத்த ஹார்மோன் பெரிதாக ஏறவில்லை, வாத்தின் உணவுக்குழல் விரியக்கூடியது, தீனியை நிறுத்தினால் ஈரல் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று அளந்து சொன்னார்கள். இரண்டு பக்க அளவுகளும் உண்மை. அவற்றை வைத்து "வேதனை இல்லை" என்று சொல்லலாமா என்பதில்தான் சண்டை. எண்பது கிராம் ஈரல் ஐந்நூறு கிராமுக்கு மேல் போவதை ஆரோக்கியம் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். நல்ல கைக்கும் மோசமான கைக்கும் வித்தியாசம் பெரிது என்பதும் தெரியும். தனிக்கூண்டுகள் 2016 தொடக்கத்தோடு ஒழிந்தது நல்ல மாற்றம். ஆனால் குடும்பம் செய்கிறது என்பதாலேயே பறவைக்குச் சுலபமாகிவிடாது. பெட்டைக் குஞ்சுகளின் ஈரலில் நரம்பு அதிகம் என்று அவற்றைப் பொரிப்பகத்திலேயே அழித்துவந்தார்கள். குடும்பப் பண்ணை வாங்கும் ஆண் குஞ்சும் அதே பொரிப்பகத்திலிருந்துதான் வருகிறது. 2022 தட்டுப்பாட்டுக்குப் பிறகு பெட்டைகளையும் வளர்க்க ஆரம்பித்தார்கள், மனம் மாறியதால் இல்லை, குஞ்சு இல்லாததால்.

போகிறவருக்குச் சில உருப்படியான விஷயங்கள். தூலூஸிலிருந்து மேற்கே ஒரு மணி நேரத்தில் சமாத்தான் இருக்கிறது, திங்கட்கிழமைச் சந்தை. நீள மேஜைகளில் வெட்டிய வாத்துகளும் தனியாக ஈரல்களும் வரிசையாகக் கிடக்கும். விசில் ஊதியதும்தான் வாங்குகிறவர்கள் உள்ளே பாயலாம், சீக்கிரம் போங்கள். பண்ணைக்குப் போனால் எத்தனை தலைமுறை என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் தயாராக இருக்கும். உங்கள் பாட்டி என்ன வளர்த்தார், யார் புகட்டுகிறார்கள், எங்கே அறுக்கிறீர்கள், 2022-ல் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். எல்லாவற்றையும் தாங்களே செய்பவர்கள் நிறுத்தாமல் பேசுவார்கள். லேபிளில் "தென்மேற்கின் ஃபுவா கிரா வாத்து" என்ற புவிசார் குறியீடு இருந்தால் வளர்த்ததும் புகட்டியதும் அறுத்ததும் அந்தப் பகுதியில். இல்லாவிட்டால் ஹங்கேரி, பல்கேரியா ஈரலாகவும் இருக்கலாம். "முழு" என்று போட்டது ஈரல் மடல்கள் அப்படியே. "பிளாக்" என்றால் அரைத்துக் கூழாக்கிச் சேர்த்தது, விலை அதற்கேற்ப. ஈரல் வேண்டாம், கோன்ஃபி மட்டும் என்று நினைத்தாலும் அந்தப் பண்ணைகளில் அது அதே வாத்தின் கால்தான், தெரிந்து சாப்பிடுங்கள். ஊருக்கு ஃபுவா கிரா ஜாடி வாங்கிவரும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்; அதன் இறக்குமதியை இந்தியா 2014-லேயே தடை செய்துவிட்டது.